பூக்காத செவ்வந்தியும் எதிர்வீட்டுத் தெருவிளக்கும்

“நர்சரியில் பூத்துக் குலுங்கிய செவ்வந்தியை ஆசையாக வாங்கி வந்தேன். அந்தப் பூக்கள் உதிர்ந்ததோடு சரி, அப்புறம் வெறும் இலைதான். உரம் போட்டாயிற்று, பால்கனியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றியாயிற்று, திருஷ்டிக்கு மிளகாயும் கட்டியாயிற்று” என்று தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: பால்கனிக்கு நேர் எதிரே தெருவிளக்கு. விடை அங்கேதான் இருக்கிறது. மிளகாய் குழம்புக்காவது ஆகியிருக்கும்.

முதலில் அது செவ்வந்திதானா என்று பார்த்துவிடுங்கள். செண்டுமல்லி என்கிற துலுக்கச் சாமந்தியையும் பலர் சாமந்தி என்றே சொல்கிறார்கள். செண்டுமல்லியின் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் காட்டமான நெடி வரும். பூவுக்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரே கிண்ணமாக ஒட்டியிருக்கும். செவ்வந்திக்கு ஒற்றை இலை, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டது. பூவுக்கடியில் சின்னச் சின்னச் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். நாம் இதழ் என்று பிய்த்துப் போடும் ஒவ்வொன்றும் ஒரு தனிப்பூ என்பது பள்ளியிலேயே படித்ததுதான்.

செண்டுமல்லிக்கு விளக்கு பெரிய பிரச்சினை இல்லை. செவ்வந்தி குறும்பகல் தாவரம், அதாவது பகல் குறுகி இரவு நீளும்போதுதான் பூக்கும். 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் இருவரும் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தது ஒரு புகையிலை ரகத்தில். கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன செடியைத் தினமும் சீக்கிரமே இருட்டறைக்குள் வைத்தார்கள், பூத்துவிட்டது. 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தை என்ற களைச்செடியை எடுத்துக்கொண்டார்கள் (அதுவும் இதே குடும்பம்தான்). பகலுக்கு நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் செடி கண்டுகொள்ளவில்லை. இரவுக்கு நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் பூப்பது நின்றுபோனது. குறும்பகல் என்று பெயர் வைத்தாலும் செடி கணக்கெடுப்பது இரவைத்தான்.

எப்படிக் கணக்கெடுக்கிறது? எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத இடம் இது. இலையில் ஃபைட்டோகுரோம் என்றொரு நிறமி உண்டு. சிவப்பு ஒளி பட்டதும் அது செயல்படும் வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இதோடு இலைக்குள் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. கூர்க்கா நடுராத்திரியில் ஒரு சுற்று வந்து பார்ப்பதுபோல, பொழுது சாய்ந்து குறிப்பிட்ட நேரம் கழித்து இலை வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த நேரத்தில் ஒளி பட்டால் ஃபைட்டோகுரோம் சேதி சொல்ல, இலை ஒரு புரதத்தைத் தயாரித்துத் தண்டின் நுனிக்கு அனுப்புகிறது. ‘பூக்காதே’ என்பதுதான் அந்தப் புரதத்தின் ஒரே வேலை. செவ்வந்தியில் இதைக் கண்டுபிடித்து 2013இல் அறிவித்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். இருட்டு கலையாமல் நீடித்தால் எதிர்மாறான புரதம், ஃபுளோரிஜென், நுனிக்குப் போய் அங்கே இலைக்குப் பதில் மொட்டு கட்டச் சொல்கிறது. ஆக, தாம்பரத்துச் செடி சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் பூக்காமலிருக்க மெனக்கெட்டுப் புரதம் செய்துகொண்டிருக்கிறது!

ஓசூர்ப் பக்கம் இரவில் போனால் செவ்வந்தி வயல்களில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்க்கலாம். செடி நன்றாக வளரும்வரை பூக்கவிடாமல் பிடித்துவைக்கிறார்கள். விளக்கை நிறுத்தினால் ரகத்தைப் பொறுத்து 7 முதல் 12 வாரத்தில் பூ. பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் போதும். புகையிலை ஏன் பூக்கவில்லை என்று இரண்டு பேர் அரசுச் சம்பளத்தில் மண்டையை உடைத்துக்கொண்டதன் பலன் இது. ‘இதனால் என்ன பயன்’ என்ற கேள்வியோடு ஆய்வு விண்ணப்பங்களைப் புரட்டும் நம்மூர்க் குழுக்கள் ஒருமுறை அந்த வயல்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

சரி, பால்கனிக்கு வருவோம். பூத்து முடிந்த தண்டுகளை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து, மணல் கலந்த, தண்ணீர் தேங்காத மண்ணில் நடுங்கள். கொஞ்சம் வளர்ந்ததும் கொழுந்தைக் கிள்ளினால் கிளை பிடிக்கும். புதுக் கிளைகள் நீண்டதும் மாலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழுக்குத் திறங்கள். மொட்டில் நிறம் தெரியும்வரை ஒரு நாளும் விடக்கூடாது. இதை ஐப்பசி வாக்கில் தொடங்குவது நல்லது; சென்னைக் கோடையின் சூட்டில் இருட்டு கிடைத்தாலும் மொட்டு தாமதமாகும். பெட்டி வேலை முடியாதென்றால் தொட்டியை விளக்கு எட்டாத பின்பக்கத்துக்கு மாற்றலாம். ஆனால் அங்கே பகலில் நாலைந்து மணி நேரமாவது நல்ல வெயில் விழ வேண்டும், ராத்திரியில் அடுத்த வீட்டு மாடி விளக்கும் எரியக்கூடாது.