அட்டை ட்ரே பிதுங்குகிறதா? ஜிஎஸ்எம்மைக் கூட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

தட்டையாக வந்து இறங்கி, கடையில் மடித்துக்கொள்ளும் அட்டை ட்ரேயைப் பற்றி உணவுக் கடைக்காரர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்றுதான். பக்கச் சுவர் வெளியே பிதுங்குகிறது, மூலை அவிழ்கிறது, மடிக்கிற இடத்தில் அட்டை வெடிக்கிறது. மூன்றுக்கும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) பத்தாது, 350 போடுவோம்." அப்படிப் போட்டால் விலை ஏறும், எடை ஏறும், குறை மட்டும் போகாது. இந்த மூன்றுக்கும் முதல் காரணம் அட்டையின் எடையல்ல. கிரெயின் (அட்டையின் நார்வாக்கு) ஓடும் திசை, மடிப்புக்கோடு அழுத்திய விதம், ஈரப்பதம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

ஓர் அளவை வைத்துப் பேசினால் விளங்கும். உள்ளளவு 180 × 120 மி.மீ., உயரம் 40 மி.மீ. ஒருவருக்கான பிரியாணி, ஒரு துண்டு கோழி, ஓரத்தில் பச்சடி வைக்கலாம். நேர்ச்சுவர் ட்ரேயை நிமிர்த்தி ஒட்டியே கொண்டுவந்தால் ஒன்றுக்குள் ஒன்று இறங்காது; 500 ட்ரே 430 லிட்டர் இடத்தை அடைக்கும். அதையே விரித்த அட்டையாகக் கொண்டுவந்தால், 0.45 மி.மீ. தடிமனில் 500 தாள் 225 மி.மீ. உயரம்தான். மடிப்புக்கோட்டின் புடைப்புக்கு இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சேர்த்தாலும் மொத்தம் 13 லிட்டர், எடை 8 கிலோவுக்குள். சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் மேசைக்கு அடியில்தான் சரக்கு வைக்க இடம் என்கிற கடைக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

தட்டையாக அனுப்புவதிலும் இரண்டு வகை உண்டு. ஒட்டாத வெறும் அட்டையாக வந்து, கடையில் கொக்கி மாட்டி மடிப்பது ஒன்று. நான்கு மூலையும் ஆலையிலேயே ஒட்டி, மடக்கித் தட்டையாக்கி அனுப்புவது மற்றது. இழுத்தால் நிமிர்ந்து நிற்கும். முதல் வகை மலிவு, ஆனால் ஒன்றை மடிக்கப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகும். இரண்டாவதற்கு இரண்டு மூன்று விநாடி போதும். மதிய நேரக் கூட்டத்தில் 200 ட்ரே என்றால் அரை மணி நேர ஆள்வேலை அந்த வித்தியாசத்தில் போகிறது. வாங்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது கிரெயினுக்கு வருவோம். அட்டை தயாராகும்போது நார்கள் எந்திரம் ஓடும் திசையில் படிகின்றன. அந்தத் திசையில் அட்டையின் விறைப்பு, குறுக்குத் திசையில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மூங்கில் பத்தை நீளவாட்டில் நிமிர்ந்து நிற்பதைப் போலத்தான். ட்ரேயின் நீளச் சுவர் இரண்டு மூலைகளுக்கு நடுவே 180 மி.மீ. தூரத்துக்குப் பிடிமானமில்லாமல் நிற்கிறது. கிரெயின் அந்த நீளத்தோடு ஓடினால் சுவர் நேராக நிற்கும், அடித்தளமும் தொய்யாது. செங்குத்தாக ஓடினால், சூடான சோறு விழுந்த சில நிமிடத்தில் நடுவில் வயிறு தள்ளும். இதற்கு 350 ஜிஎஸ்எம் போடுவது வீண் செலவு.

திசையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அட்டையிலிருந்து 100 × 15 மி.மீ. அளவில் நீளவாட்டில் ஒன்று, குறுக்குவாட்டில் ஒன்று என இரண்டு பட்டைகளை வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டினால், அதிகம் தொங்குவது குறுக்குத் திசையில் வெட்டியது.

தடிமனையும் கவனியுங்கள். விறைப்பு தடிமனின் மூன்றாம் மடியில் ஏறும். ஒரே 300 ஜிஎஸ்எம்மில் ஒரு ரகம் 0.40 மி.மீ. இருக்கும், நடுவில் பருமனான கூழ் அடுக்கு உள்ள மடிப்பட்டை ரகம் 0.45 மி.மீ. இருக்கும். கணக்குப்படி இரண்டாவது 40 விழுக்காடு கூடுதலாக விறைக்கும். ஆகவே ஆர்டரில் ஜிஎஸ்எம்மோடு தடிமனை மைக்ரான் அளவிலும் (0.45 மி.மீ. என்றால் 450) எழுதிக் கேளுங்கள்.

அட்டை வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் டை, அதாவது அட்டையை வெட்டி மடிப்புக்கோடு போடும் அச்சு. மடிப்புக்கோடு வெறும் அழுத்தக் குறியல்ல. அழுத்திய இடத்தில் அட்டையின் உள் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, மறுபக்கம் உருண்டையான புடைப்பாக எழ வேண்டும். அந்தப் புடைப்பு மடிப்பின் உட்புறம் அமைந்தால்தான் வெளிப்புறம் கிழியாது. அதனால் அச்சிட்ட வெளிப்பக்கத்திலிருந்துதான் அழுத்த வேண்டும். மடிப்புத் தகடு அட்டையை அழுத்தி இறக்கும் அடிப்பள்ளத்தின் அகலத்துக்குத் தொழிலில் புழங்கும் கணக்கு: அட்டைத் தடிமன் × 1.5, அதோடு மடிப்புத் தகட்டின் தடிமன். 0.45 மி.மீ. அட்டை, 0.71 மி.மீ. தகடு என்றால் 1.4 மி.மீ. பள்ளத்தின் ஆழம் அட்டைத் தடிமன் அளவு. வெட்டும் தகட்டின் உயரம் 23.80 மி.மீ.; மடிப்புத் தகடு அதிலிருந்து அட்டைத் தடிமன் அளவு குட்டையாக இருக்க வேண்டும்.

பள்ளம் குறுகினால் அட்டை வெடிக்கும். அகன்றால் மடிப்பு கோட்டை விட்டு அலையும், மடித்த சுவர் திரும்பவும் விரியப் பார்க்கும். உற்பத்தி ஓட்டம் நீளும்போது பள்ளப் பட்டை தேய்ந்துபோகும் என்பதால் முதல் நூறில் ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் கடைசிக் கட்டிலிருந்தும் ஒன்றை எடுத்து மடித்துப் பாருங்கள். தீபாவளி முறுக்கு ட்ரேக்களில் இன்னொரு தொல்லை உண்டு. அடர்ந்த மெரூன் நிறம் மடிப்பின் மேல் ஓடினால், அட்டை வெடிக்காவிட்டாலும் மை விரிசல் விட்டு வெள்ளைக் கோடு தெரியும். மடிப்பின்மேல் நிறத்தை மெலிதாக்குவதோ கோலத்தை அங்கே இடைவெளி விட்டு வரைவதோ அச்சுக்கு முன்பே முடியும்.

மூலைதான் வடிவமைப்பாளரின் கணக்கு அதிகம் பிசகும் இடம். ஒட்டி மடக்கும் ட்ரேயில் அடித்தளமும் இரண்டு சுவர்களும் ஒரு புள்ளியில் சேர்கின்றன. சுவர்களில் ஒன்றில் சாய்வாக ஒரு மடிப்புக்கோடு இருந்தால்தான் அந்த மூலை தட்டையாகும். நேர்ச்சுவருக்கு அந்தக் கோடு 45 பாகை என்பது தெரிந்ததே. சுவரை வெளிப்புறமாகச் சாய்த்து, சுவர்ப் பலகையின் மூலைக் கோணம் 95 பாகையானால் பலர் அதைப் பாதியாக்கி 47.5 பாகையில் கோடு போடுகிறார்கள். அது தவறு. நான்கு சுவரும் ஒரே சாய்வில் இருக்கும்வரை கோடு அடித்தள விளிம்பிலிருந்து 45 பாகையிலேயே இருக்க வேண்டும். மீதி 50 பாகை மறுபக்கம் போகும். பாதியாக்கினால் ட்ரே முழுக்கத் தட்டையாகாது. கட்டுக்குள் அழுத்தி வைத்ததில் மூலை நைந்து, நிமிர்த்தும்போது கோணி நிற்கும். பசையும் அந்தச் சாய்கோட்டுக்கு அப்பால் இருக்கும் முக்கோணத்தில் மட்டுமே விழ வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கோட்டைத் தாண்டினாலும் மூலை பூட்டிக்கொள்ளும். உள்ளே மடங்கும் இரண்டு நீளச் சுவர்களின் உயரத்தையும் கூட்டினால் அடித்தள அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கட்டு தடிக்கும்.

குழம்பு ஊற்றும் ட்ரேக்கு மூலையை வெட்டவே வேண்டாம். மூலைச் சதுரத்தை அப்படியே விட்டு, நடுவில் 45 பாகை கோடு போட்டு, காதுபோல் மடித்து, குட்டைச் சுவரின் மேல் சாய்த்து மாட்டலாம். கொக்கிக்கு விடும் கீறல் அடியிலிருந்து 15 மி.மீ. உயரத்துக்கு மேலே இருக்கட்டும். கீறிய ஒவ்வொரு விளிம்பும் பூச்சில்லாத வெறும் விளிம்பு; சாம்பாரும் எண்ணெயும் அது வழியாகத்தான் அட்டைக்குள் ஊறும். கீறலின் அகலம் அட்டைத் தடிமனைவிட 0.2 அல்லது 0.3 மி.மீ. கூடுதலாகவும், முனைகள் உருண்டையாகவும் இருக்க வேண்டும். கூர்முனையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

உட்பூச்சில் பலரும் சறுக்குகிறார்கள். பாலித்தீன் பூசிய பக்கத்தில் சாதாரண நீர்ப்பசை பிடிக்காது. ஆலையில் ஒட்டியதுபோல் தெரியும், கடையில் நிமிர்த்தும்போது பிரியும். அதற்கென்ற பசையோ, சூடாக்கி உருக்கி ஒட்டும் ஹாட்மெல்டோ வேண்டும். ஹாட்மெல்ட்டிலும் சூட்டில் இளகும் ரகம் இருப்பதால், உணவை எத்தனை டிகிரியில் வைப்பீர்கள் என்பதை முன்பே சொல்லுங்கள். எண்ணெய் தடுக்கும் பூச்சு என்றால் அதில் பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஃபுளோரின் வேதிப்பொருள்கள்) சேர்க்கவில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொட்டலங்களில் அதற்கு 2026 ஆகஸ்ட் முதல் வரம்பு விதிக்கிறது.

"மக்கும்" என்று அச்சடிப்பதால் சிங்கப்பூரில் பெரிய பயன் இல்லை. உணவு ஒட்டிய அட்டையை மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போடக்கூடாது; அது குப்பையோடு எரியுலைக்குப் போய், சாம்பலாகச் செமக்காவ் நிலநிரப்பிடத்தைச் சேர்கிறது. அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. எனவே இங்கே வடிவமைப்பாளர் செய்யக்கூடிய உருப்படியான காரியம், ட்ரேயின் எடையைக் குறைப்பது. ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தாங்கள் பயன்படுத்தும் பொட்டலப் பொருளின் அளவைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு அறிக்கையாகத் தர வேண்டியிருப்பதால், பெரிய கேட்டரிங் நிறுவனங்களுக்கு ஒவ்வொரு கிராமும் ஏட்டில் ஏறும்.

எடை குறைக்க அளவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலே போதும். முன்சொன்ன ட்ரேயை மூலை வெட்டாத வகையாக விரித்தால் சுமார் 261 × 201 மி.மீ. அதை 787 × 1092 மி.மீ. தாளில் அடுக்குவோம். எந்திரம் தாளைப் பிடிக்கும் ஓரத்துக்கு 12 மி.மீ. போக அகலத்தில் 775 மிஞ்சும். ட்ரேக்களுக்கு இடையே 3 மி.மீ. விட்டு, கிரெயினுக்காக எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கினால் தாளுக்கு 12 ட்ரேதான் வரும். சுவர் உயரத்தை 40லிருந்து 37 மி.மீ. ஆக்குங்கள். விரித்த அளவு 255 × 195 ஆகிறது. 775க்குள் மூன்றும் நீளத்தில் ஐந்துமாக 15 ட்ரே விழும். மூன்று மில்லிமீட்டரில் தாளுக்கு நான்கில் ஒரு பங்கு லாபம். ஆனால் கவனம்: 12 வரும் அடுக்கில் ட்ரேயின் நீளம் தாளின் நீளத்தோடு இருந்தது, 15 வரும் அடுக்கில் தாளின் அகலத்தோடு திரும்பிவிட்டது. கிரெயின் குறுகிய பக்கமாக ஓடும் தாளை வாங்க வேண்டும். கையிருப்பில் இருக்கும் நீளக் கிரெயின் தாளிலேயே அச்சகம் ஓட்டிவிட்டால், மிச்சம் பிடித்த காசு பிதுங்கும் சுவரில் போய்விடும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே "அதே ட்ரே திடீரென்று தொய்கிறதே" என்று வரும் புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

பிறகு ஈரப்பதம். காகிதச் சோதனைகள் 23 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் நடக்கின்றன. இங்கே ஆண்டுச் சராசரியே 80க்கு மேல். ஒருபக்கம் பூசிய அட்டையில் பூசாத பக்கம் மட்டும் ஈரத்தை வாங்கி விரிவதால், தாள் பூச்சுப் பக்கமாகச் சுருளும். சுருண்டால் கொக்கி சிக்காது. கட்டின் பிளாஸ்டிக் உறையை அன்றன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் பிரியுங்கள். 500 அடங்கிய கட்டுக்குப் பதில் 50, 100 என்று உறையிட்டுத் தரச் சொல்லலாம். குளிரூட்டிய கிடங்கிலிருந்து வந்த கட்டை உடனே பிரித்தால் அட்டையில் நீர் பூக்கும். ஓர் இரவு உறையோடு வைத்துப் பிறகு பிரியுங்கள்.

டை அடிப்பதற்கு முன் கணினி வெட்டுமேசையில் அச்சிடாத வெள்ளை மாதிரி கேளுங்கள். உற்பத்திக்கு வரப்போகும் அதே அட்டை, அதே கிரெயின் திசையில் இருக்க வேண்டும். கிடைத்த அட்டையில் வெட்டிய மாதிரி எதையும் நிரூபிக்காது. அதைக் கடையில் வேலை செய்பவரிடமே, ஈரமான கையுறையோடு, விளக்கம் சொல்லாமல் மடிக்கக் கொடுங்கள். கொக்கியை எங்கே மாட்டுவது என்று அவர் தேடினால் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். பிறகு சூடான சோறும் குழம்பும் சேர்த்து 600 கிராம் வைத்து மூடி, நான்கு மணி நேரம் விடுங்கள். கேட்டரிங் உணவைச் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு. அதற்குப் பின் குட்டைப் பக்கத்தை மட்டும் ஒரு கையால் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து எண்ணெய் கசிந்த இடத்தைக் குறியுங்கள்.

தேறிய மாதிரியில் கிரெயின் திசைக்கு அம்புக்குறி போட்டு, அட்டையின் ரகம், மைக்ரான், தேதி எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஒன்றைக் கடையிலும் ஒன்றை அச்சகத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சரக்கு வந்து இறங்கும்போது முதல் வேலையாக அதோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.