தரவு: தருவது யார், யாருக்கு?

சேலம் செவ்வாய்பேட்டையில் என் நண்பன் வீட்டார் மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறார்கள். போன வருஷம் கடைக்கு வெப்சைட் போட்டார்கள். போட்டுக் கொடுத்த பையன் மாதம் ஒருமுறை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவான், பட்டனை மேலே ஏற்றணும், படத்தைப் பெரிசாக்கணும் என்று ஏதாவது சொல்வான், ஏன் என்று கேட்டால் "டேட்டா அப்படித்தான் சொல்லுதுங்க" என்பான். நண்பனின் அப்பா இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, டேட்டான்னா நெட்டு தானே? தினம் ஒன்றரை ஜிபி வருதே, அது. அது எப்படிப் பேசும்?"

சிரிக்க ஒன்றுமில்லை, அவர் சொன்னதுதான் ஊரில் புழங்கும் பொருள். ஏற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் யாராவது "டேட்டா போயிடுச்சுடா" என்று போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். அங்கே டேட்டா என்றால் இணைய இணைப்பு. பையன் சொல்கிற டேட்டா வேறு. கடைப் பக்கத்துக்கு யார் வந்தார்கள், எங்கே தட்டினார்கள், எவ்வளவு தூரம் கீழே தள்ளிப் பார்த்தார்கள், எந்த இடத்தில் போரடித்து வெளியேறினார்கள் என்ற பதிவுகள். அவற்றை அள்ளிச் சேர்த்து, கணக்குப் போட்டு, அதிலிருந்து எதையாவது தெரிந்துகொள்ளும் துறைக்குத்தான் டேட்டா சயின்ஸ் என்று பெயர். இந்தப் பெயரை டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1974இலேயே தன் நூலில் பயன்படுத்திவிட்டார். பரவலாக எல்லார் வாயிலும் வந்தது 2008ஐ ஒட்டித்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'தாரே' என்றால் கொடுத்தல். 'தாத்தும்' என்றால் கொடுக்கப்பட்டது, அதன் பன்மை 'தாத்தா'. (ஆமாம், கேட்க நம் தாத்தா மாதிரியேதான் இருக்கும்.) அதுவே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய் டேட்டா ஆனது. அதற்கும் வெகு காலம் முன்பு, கிரேக்கத்தில் யூக்ளிட் 'கொடுக்கப்பட்டவை' என்ற பொருள்படும் தலைப்பிலேயே ஒரு வடிவியல் நூல் எழுதியிருக்கிறார். கணக்குப் புத்தகத்தில் "ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் கொடுக்கப்பட்டுள்ளன" என்று தொடங்குமே, அந்தக் கொடுக்கப்பட்டவை. யாரோ ஏற்கெனவே உன் கையில் தந்துவிட்டார்கள், அதை வைத்து நீ மேலே போ என்பதுதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் கருத்து. சமஸ்கிருதத்தின் 'தத்த' இதே வேரிலிருந்து வந்தது, அதாவது நம் பேச்சில் இருக்கும் தத்துப்பிள்ளையும் டேட்டாவும் தூரத்துப் பங்காளிகள். தானமும் அந்த வகையறாதான்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கிளம்புவார்: "பார்த்தீர்களா, தமிழ் 'தா'விலிருந்துதான் டேட்டாவே வந்தது!" வரவில்லை. தா, தரு என்பவை திராவிட வேர்கள். ஒலி ஒத்துப்போவது தற்செயல். இப்படி இழுத்து முடிச்சுப் போட வேண்டிய தேவையே நமக்கு இல்லை, ஏனென்றால் நம்மிடம் இருக்கும் உண்மையான சரக்கு இதைவிட நன்றாக இருக்கிறது.

தரவு என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, அதுவும் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில். ஒன்று செய்யுள் இலக்கணம். கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர். பாட்டுக்கான செய்தியை முதலில் அது தந்துவிடும், தாழிசை அதைப் பிடித்துக்கொண்டு நகரும், கடைசியில் சுரிதகம் முடித்துவைக்கும். யூக்ளிட்டின் முக்கோணமும் கலிப்பாவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை, ஆனாலும் 'முதலில் தரப்படுவது' என்ற அதே எண்ணம் இரண்டு இடத்திலும் முளைத்திருக்கிறது. இன்றைக்கு டேட்டாவுக்குத் தரவு என்று எழுதுகிறோம் என்றால் அது ஒலிக்காக ஒட்டவைத்த சொல் இல்லை, பொருளும் இப்படிப் பொருந்துகிறது.

இரண்டாவது இடம்தான் எனக்குப் பிடித்தது. சொல்லதிகாரத்தில் கிளவியாக்கத்தில் 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்' என்று ஒரு நூற்பா தொடங்கும். செல்லுதல், வருதல், தருதல், கொடுத்தல் என்ற நான்கு வினைகளைப் பற்றிய விதி. இந்த நான்கும் எல்லா இடத்திலும் வரும் என்று முதலில் சொல்லிவிட்டு, அடுத்தடுத்த நூற்பாக்களில் பிரிக்கிறார்: தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்தான். பொருள் எனக்கோ உனக்கோ வந்தால் தரவு, மூன்றாவது ஆளுக்குப் போனால் கொடை. நாம் இன்று "எனக்குக் குடு" என்று சாதாரணமாகச் சொல்கிறோம், இந்த விதி பேச்சில் எப்போதோ கரைந்துவிட்டது. ஆனால் வெப்சைட் உலகத்தில் இந்த வேறுபாடு அப்படியே உயிரோடு இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், இந்தத் தரவு வெப்சைட்டின் தோற்றத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்த்துவிடலாம். ஆரம்பத்தில் டிசைன் செய்பவரின் கண்ணும் முதலாளியின் ஆசையும்தான் எல்லாம். அப்புறம் அளக்கத் தொடங்கினார்கள். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் 232 பேரின் விழி அசைவை அளந்து, மக்கள் இணையப் பக்கத்தை எஃப் எழுத்தின் வடிவத்தில் மேய்கிறார்கள் என்று காட்டினார்: மேலே ஒரு கோடு, சற்றுக் கீழே இன்னொரு சின்னக் கோடு, அப்புறம் இடது ஓரமாகவே இறக்கம். அதற்கடுத்தது ஏ/பி சோதனை. ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, வருகிறவர்களைக் குலுக்கிப்போட்டுப் பாதிப் பாதியாகப் பிரித்துக் காட்டி, எது வேலை செய்கிறது என்று எண்ணுவது. ஒபாமாவின் தேர்தல் பிரச்சாரத் தளத்தில் 2007 டிசம்பரில் நான்கு பட்டன்களையும் ஆறு படம், வீடியோக்களையும் மாற்றி மாற்றி வைத்து 24 சேர்க்கைகளைச் சோதித்தார்கள். அந்தக் குழுவினருக்குப் பிடித்தது வீடியோ. ஜெயித்தது ஒரு குடும்பப் படம். பதிவு செய்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக ஏறினார்கள்.

இதே வழியில் ரொம்ப தூரம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கதை உண்டு. கூகுளில் இரண்டு நீல நிறங்களில் எதை வைப்பது என்று முடிவாகாமல், நடுவில் இருக்கும் 41 நீலங்களையும் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே காட்சி வடிவமைப்புக்குத் தலைமை வகித்த டக்ளஸ் போமன் 2009இல் வேலையை விட்டபோது இதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். எனக்கு அவர் பக்கம்தான் அனுதாபம், ஆனால் கூகுளுக்கு வரும் கூட்டத்துக்கு அப்படிச் சோதிக்க முடியும் என்பதும் உண்மை.

நம் ஊர்க் கடைக்கு முடியாது. இதை அந்தப் பையனிடம் பேப்பரில் போட்டே காட்டினேன். நூறு பேர் வந்தால் இரண்டு பேர் ஆர்டர் செய்கிறார்கள், பட்டனை மாற்றினால் மூன்று பேர் ஆவார்களா என்று நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால், வழக்கமான புள்ளியியல் அளவுகோலில் பழைய பக்கம், புதிய பக்கம் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 4,000 பேர் வர வேண்டும். ஏற்காட்டில் ஒரு சின்ன ஹோம்ஸ்டேயின் தளத்துக்குத் தினம் 40 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் சோதனை முடிய 200 நாள். சேர்வராயன் மலையில் பூத்த காபி காய்த்துப் பழுக்கிற பருவத்துக்கு வந்துவிடும். நடுவில் மே மாதக் கோடை விழாக் கூட்டம் ஒரு மாதிரி, ஜூலைக்கு மேல் மழையில் வருகிறவர்கள் வேறு மாதிரி. எண்ணிக்கை இல்லாத இடத்தில் "டேட்டா சொல்லுது" என்றால், பேசுவது டேட்டா இல்லை, அந்தப் பையன்தான்.

ஆனாலும் அவனை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், ஒரு இடத்தில் அவன் பிடித்த விஷயம் பெரியது. ஹீட்மேப் என்று ஒன்று உண்டு, பக்கத்தில் எங்கெல்லாம் விரல் பட்டதோ அங்கெல்லாம் சிவப்பாகக் காட்டும் படம். தமிழில் வெப்ப வரைபடம் என்கிறார்கள், அது எனக்கு அக்னி நட்சத்திரச் செய்தி மாதிரிதான் ஒலிக்கிறது. தட்டுப் படம் என்று சொல்லிவிட்டால் என்ன? அதில் பார்த்தால், கொலுசுப் படத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் ஜனங்கள் தட்டோ தட்டு என்று தட்டியிருக்கிறார்கள். அங்கே பட்டனும் கிடையாது, லிங்க்கும் கிடையாது. பையன் குழம்பிப்போய், படத்தில் ஏதோ பிழை என்றான். நண்பனின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை நிமிஷம் பார்த்தார். "பிழையுமில்லை ஒண்ணுமில்லை. மாட்டறது திருகா கொக்கியான்னு பாக்கறாங்க. கடைக்கு வர்றவங்களும் மொதல்ல அதைத்தானே திருப்பிப் பாப்பாங்க." அடுத்த வாரமே அந்த முனையை மட்டும் பெரிசாக எடுத்துத் தனிப் படமாகப் போட்டார்கள், பக்கத்திலேயே எத்தனை டச் (வெள்ளி எவ்வளவு சுத்தம்), செய்கூலி எவ்வளவு என்ற விவரமும் வந்தது. எங்கே தட்டினார்கள் என்பதைத் தரவு சொன்னது. எதற்காகத் தட்டினார்கள் என்பது ஐம்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரிந்திருந்தது.

இப்போது அந்தத் தொல்காப்பிய விஷயம். நீங்கள் கடைத் தளத்துக்குப் போகிறீர்கள், கடை உங்களைப் பற்றிக் குறித்துக்கொள்கிறது. இது நானும் நீயும், தன்மையும் முன்னிலையும். ஆனால் அதே பக்கத்துக்குள் கடைக்காரருக்கே சரியாகத் தெரியாத நாலைந்து விளம்பர நிறுவனங்களின் நிரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் எந்தக் கொலுசைப் பார்த்தீர்கள் என்பது அங்கேயும் போகும். அதனால்தான் அடுத்த நாள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் அங்கே கொலுசு சிணுங்குகிறது. இதைத் துறையில் 'தேர்டு பார்ட்டி' என்கிறார்கள். மூன்றாம் நபர். நம் இலக்கணத்தில் படர்க்கை! தொல்காப்பியக் கணக்கில் இது தரவே இல்லை, கொடை. உங்கள் பொருளை வேறொருவர் எடுத்து இன்னொருவருக்குச் செய்த தானம்.

இதற்கு வாகனமாக இருக்கும் குக்கியை, அதாவது தளம் உங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பை, 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி உருவாக்கினார், பக்கத்துக்குப் பக்கம் போகும்போது தளத்துக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று. ஆப்பிளின் பிரவுசர் சஃபாரி 2020இலேயே மூன்றாம் நபர் குக்கிகளை மொத்தமாகத் தடுத்துவிட்டது. கூகுளின் குரோம் நிறுத்தப்போவதாக அதே வருஷம் அறிவித்து, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024இல் பின்வாங்கிவிட்டது. இந்தியாவில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்க வழி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது, தமிழும் அந்த அட்டவணையில் உண்டு. ஆக, இந்தச் சொல் இனி நம் ஊர்த் தளங்களின் டிசைனுக்குள்ளேயே வந்து உட்காரப் போகிறது, சொல்விளக்கக்காரன் வேலையாக மட்டும் இருக்காது.

தொகுத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு: டேட்டாவுக்குத் தரவு, தாராளமாக எழுதலாம். டேட்டாபேஸுக்குத் தரவுத்தளம் நன்றாகவே நிலைத்துவிட்டது. டேட்டா சயின்ஸுக்குத் தரவு அறிவியல் என்றும் தரவியல் என்றும் இரண்டு வழக்கு, சின்னதாக இருப்பதால் என் ஓட்டு தரவியலுக்கு. டவுன்லோடுக்குத் தரவிறக்கம் என்கிறார்கள், பதிவிறக்கம் என்றும் சொல்கிறார்கள், சண்டை வேண்டாம். தகவல் வேறு, தரவு வேறு: தட்டல்களின் பட்டியல் தரவு, 'திருகைப் பார்க்கிறார்கள்' என்பது தகவல். கேட்காமல் சேர்கிற தட்டல், தள்ளல் பதிவுகளுக்கு மட்டும் தரவு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, யாரும் தரவில்லையே. தடம் என்று சொல்லிப் பார்க்கிறேன், நடந்து போனவர் விட்டுப்போனது.

தொல்காப்பியம் எச்சவியலில் இன்னொன்றும் சொல்கிறது. ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்கள். தாழ்ந்தவன் கேட்பது ஈ, சமமானவன் கேட்பது தா, உயர்ந்தவன் கேட்பது கொடு. இதை நண்பனின் அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பையன் அளவு கேட்கும் இடத்தில் "தங்கள் தரவைச் சமர்ப்பிக்கவும்" என்று வைத்திருந்தான், போனில் அந்தச் 'சமர்ப்பிக்கவும்' பட்டனுக்குள் அடங்காமல் இரண்டாக உடைந்து கிடந்தது. ஆங்கிலத்தில் டிசைன் செய்து தமிழை அப்புறம் ஊற்றினால் இப்படித்தான். நான் "அளவைத் தாருங்கள்" என்று மாற்றச் சொன்னேன், சமமானவர் சொல் என்று பெருமையாகக் காரணமும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, கடைக்கு வர்றவங்ககிட்ட அப்படியா கேப்போம் என்றார். இப்போது அந்தப் பட்டனுக்கு மேலே இருப்பது: "பழைய கொலுசு எத்தனை இன்ச்சுன்னு சொல்லுங்க."