மார்கழி விடுமுறைக்கு எந்தக் கடற்கரை?

கனடா, லண்டன் பக்கமிருந்து டிசெம்பர் விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு இலங்கையில் பயண ஒழுங்கு செய்து கொடுப்பது என் தொழில். "தம்பி, நிலாவெளியில் நாலு நாள் போடுங்கோ, பிள்ளைகள் கடலில் குளிக்கட்டும்" என்றுதான் அநேகமானோர் கேட்பார்கள். நான் வேண்டாமென்றே சொல்வேன். கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு வடக்கே இருக்கும் நிலாவெளியின் கடல் மார்கழியில் பிள்ளைகளை இறக்கக்கூடிய கடல் இல்லை.

வெப்பநாடு என்றால் எந்த மாதமும் வெயில்தான் என்ற நினைப்பில் வருகிறார்கள். வடக்கு, கிழக்குக் கரைகளுக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் விழுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு வந்து நேரே கிழக்குக் கரையில் மோதும். மலைநாட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அதில் ஈரம் குறைந்துவிடும்; அந்தக் கரையில் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால்தான் அதே நாட்களில் தென்கரையில் உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் கடல் அடங்கியிருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும்போது நிலைமை மாறிவிடும்: தெற்கில் கொந்தளிப்பு, நிலாவெளியில் குளம்போன்ற கடல்.

மீனவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். சோளகக் காலத்தில் மேற்குக் கரையின் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தவர்கள் கிழக்கே வந்து வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தொழில் செய்வார்கள். மாரிக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள்.

மார்கழியில் நிலாவெளிக்குப் போனால் வள்ளங்களைக் கரையில் மேலே ஏற்றி வைத்திருப்பதைக் காணலாம். எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் படகு போகாத நாட்களே அதிகம். போனாலும் கலங்கிய தண்ணீரில் பவளப்பாறை தெரியாது. அலை கரையோரத்திலேயே உடைந்து, திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் பிள்ளையைக்கூட விழுத்திவிடும். புயல் வரும் மாதங்களும் இவைதான். 1978 நவம்பர்ப் புயலை மட்டக்களப்பார் இன்றும் மறக்கவில்லை. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாக் கடற்கரையில் இந்த மாதங்களில் அறை மலிவாகக் கிடைத்தால் அதற்குக் காரணம் இந்தக் காலநிலை என்பதை அறிந்து பதிவு செய்யுங்கள்.

அப்பம்மாவைப் பார்க்க, கோணேசர் கோயிலுக்குப் போக, கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கக் கிழக்குக்குத் தாராளமாக வாருங்கள். கடலுக்கான நாட்களை மட்டும் தெற்கே வையுங்கள். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு வீதியால் போவதென்றால், வெருகல் பக்கம் வெள்ளம் பாயும் நாட்களும் உண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு தமிழிலும் வருகிறது, காலையில் அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

தெற்கிலும் டிசெம்பரில் பின்னேர மழை பெய்யலாம். ஆனால் அங்கே நான் அதிகம் கவலைப்படுவது வெயிலைப் பற்றித்தான். டிசெம்பர் நண்பகலில் டொரன்டோவில் சூரியன் 23 பாகை உயரத்தில் நிற்கும், தென்கரை நகரான காலியில் 60 பாகை. கடற்காற்று குளிர்மையாக வீசுவதால் சுடுவது தெரியாது; இரவில்தான் பிள்ளையின் தோள் சிவந்து, சட்டை பட்டாலே அழும். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நிழலில் இருக்கட்டும். சிவப்புக் கொடி கட்டிய இடத்தில் நீச்சல் தெரிந்தவரும் இறங்கக் கூடாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியேற வேண்டும்.

இன்னொன்று டெங்கு. வடக்கு கிழக்கில் அது கூடுவது டிசெம்பர், ஜனவரியில்தான். திரும்பிப் போய் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், இலங்கைக்குப் போய்வந்ததை முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். டெங்கு இல்லையென்று தெரியும்வரை அஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள்.