பல்கலைக்கழகக் கௌரவப் பதவியும் வருகை அனுமதியும்: யாருக்குக் கிடைக்கும், ஆணையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணியில் சேராமலே அங்கே பாடம் நடத்தவும், ஆய்வில் பங்கேற்கவும், நூலகத்தையும் ஆய்வகத்தையும் பயன்படுத்தவும் வழி உண்டு. ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்கு மட்டும் உரியது என்று பலரும் நினைக்கும் இந்த வழி, கடலூர் சிப்காட்டில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய வேதிப்பொறியாளருக்கும், வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்பவருக்கும், பாரிஸிலிருந்து புதுச்சேரியிலுள்ள பூர்வீக வீட்டுக்கு வந்திருக்கும் ஆய்வாளருக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் பதவியின் பெயரை மட்டும் கேட்டுப் பெறுகிறார்கள். அந்தப் பெயரோடு எந்தெந்த வசதிகள் எவ்வளவு காலத்துக்கு வரும் என்பதை எழுத்தில் கேட்பதில்லை. பின்னால் வரும் மனக்கசப்புகளில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்பதால், இந்த விளக்கத்தில் நியமன ஆணையின் வாசகத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இரு பெரும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம் 1985ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகம். குடியரசுத் துணைத் தலைவர் அதன் வேந்தர். கடலூர் மாவட்டம் அண்ணாமலைநகரில் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசின் நிர்வாகத்தில் இயங்குகிறது. யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டு நெறிகள் இரண்டுக்கும் பொது என்றாலும், அவற்றை எந்த அளவுக்கு ஏற்பது, எந்தக் குழுவில் வைத்து ஒப்புதல் பெறுவது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டமும் விதிகளுமே முடிவு செய்கின்றன. ஆகவே ஓரிடத்தில் நண்பருக்குக் கிடைத்த வசதி இன்னோரிடத்தில் நமக்கும் அப்படியே கிடைக்க வேண்டும் என்று வாதிடுவதில் பயனில்லை.

பதவிகளின் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வது நல்லது. தகைசால் பேராசிரியர் என்பது ஓய்வு பெற்ற பேராசிரியரின் வாழ்நாள் பணியை மதித்து வழங்கப்படுவது. வருகைப் பேராசிரியர் ஒரு பருவத்துக்கோ சில வாரங்களுக்கோ வந்து கற்பிப்பவர். இணைப்புநிலை ஆசிரியர் வேறொரு நிறுவனத்தில் தம் பணியைத் தொடர்ந்துகொண்டே இங்கும் குறிப்பிட்ட மணிநேரம் பங்களிப்பவர். கௌரவப் பேராசிரியர் பொதுவாக ஊதியம் ஏதுமின்றி ஒரு துறையோடு இணைக்கப்படுபவர். அரசுக் கல்லூரிகளில் மாதத் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களின் நிலை இவற்றில் எதிலும் சேராது. அது தற்காலிகப் பணி நியமனம், அதற்கான தகுதியும் தேர்வு முறையும் முற்றிலும் வேறு.

பட்டப்படிப்பு இல்லாத வல்லுநர்களுக்கும் கதவு திறந்தது 2022ஆம் ஆண்டில் யுஜிசி வெளியிட்ட ‘ப்ரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ (தொழில் அனுபவத்தின் அடிப்படையிலான பேராசிரியர்) நெறிமுறை. தம் தொழிலில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமும் குறிப்பிடத்தக்க சாதனையும் உடையவர், முனைவர் பட்டமோ நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ இல்லாமலே இந்தப் பதவிக்கு வரலாம். பொறியியல், சட்டம், ஊடகம், நுண்கலை, குடிமைப் பணி எனப் பல துறையினரும் இதில் அடங்குவர். ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கும் அதிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தப் பதவி கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் இதற்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது வீண். ஒரு நிறுவனத்தில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் இவர்கள் இருக்கக் கூடாது. முதல் நியமனம் ஓராண்டு வரை. பிறகு நீட்டித்தாலும் மொத்தம் மூன்று ஆண்டுகள், மிகச் சிறப்பான காரணம் இருந்தால் நான்கு ஆண்டுகள், அதற்கு மேல் இல்லை. தொழில் நிறுவனம் பணம் தருவது, பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து தருவது, கௌரவ அடிப்படையில் பணமின்றிச் செய்வது என மூன்று வகை உண்டு.

தேர்வு முறையும் எளிதாகவே இருக்கிறது. துணைவேந்தர் பெயர்களைப் பரிந்துரைக்கக் கோரலாம். வல்லுநர் தாமே தம் பெயரை முன்மொழியவும் நெறிமுறை இடம் தருகிறது. விரிவான தன்விவரக் குறிப்புடன், பல்கலைக்கழகத்துக்கு என்ன பங்களிக்க முடியும் என்ற சுருக்கமான குறிப்பையும் இணைக்க வேண்டும். நிறுவனத்தின் மூத்த பேராசிரியர்கள் இருவரும் வெளியிலிருந்து ஒரு புகழ்பெற்ற வல்லுநரும் கொண்ட குழு பரிசீலித்துப் பரிந்துரைக்கும். கல்விக்குழுவும் ஆட்சிக்குழு அல்லது செயற்குழுவும் முடிவு செய்யும். கைவினைஞர்களுக்கும் கலைஞர்களுக்கும் இதைவிட நேரான வழியாக, உள்ளூர்க் கலைஞர்களை உயர்கல்வி நிறுவனங்களில் உறைவிடக் கலைஞர்களாகச் சேர்ப்பதற்கான நெறிமுறையை யுஜிசி 2023இல் வெளியிட்டது. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைப்பாடும் நம் அருகிலேயே இருக்கின்றன. அந்தக் கைகளிடமிருந்து மாணவர்கள் நேரடியாகக் கற்பதற்கு இதைவிடத் தகுந்த ஏற்பாடு இல்லை என்றே நான் கருதுகிறேன். துறைத்தலைவர்கள் தாமே முன்வந்து இவர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தாம் பணியாற்றிய துறையே பரிந்துரைக்கும் தகைசால் அல்லது கௌரவப் பதவி. மற்றொன்று, ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கென 2022 ஆசிரியர் தினத்தன்று யுஜிசி அறிவித்த ஆய்வு உதவித்தொகை. 100 இடங்கள், மாதம் ₹50,000, ஆண்டுக்கு ₹50,000 இதரச் செலவுத் தொகை என்பது அறிவிப்பின் சாரம். முன்னதில் பெரும்பாலும் பணம் இல்லை. பின்னதில் போட்டி கடுமை.

இனி ஆணைக்கு வருவோம். நியமன ஆணை பல நேரங்களில் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: இன்னார், இன்ன துறையின் கௌரவப் பேராசிரியராக, எவ்விதப் பணப்பயனும் இன்றி, மறு உத்தரவு வரும் வரை நியமிக்கப்படுகிறார். படிக்கும்போது பெருமையாக இருக்கும் இந்த வாக்கியத்தில் முடிவுத் தேதி இல்லை, அறை இல்லை, நூலகம் இல்லை, யாரிடம் போய் எதைக் கேட்பது என்பதும் இல்லை. ‘மறு உத்தரவு வரும் வரை’ என்பது காலவரம்பற்ற உரிமைபோலத் தோன்றினாலும், நாளைக்கே முடித்துவைக்கக்கூடிய ஏற்பாடு என்பதே அதன் பொருள். தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறிப்பிட்ட ஆணையே இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

அடுத்து, ஆணையிலோ அதன் இணைப்பிலோ அடையாள அட்டை எந்தத் தேதி வரை செல்லும், வாகனத்துக்கு அனுமதிச் சீட்டு உண்டா, நூலகத்தில் எத்தனை நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியும் வைஃபை கணக்கும் தரப்படுமா, ஆய்வகத்தில் எந்தக் கருவியை யார் மேற்பார்வையில் இயக்கலாம், விருந்தினர் விடுதியில் எந்தக் கட்டணப் பிரிவு பொருந்தும், பயணப்படி உண்டா இல்லையா என்பவை இடம்பெறுமாறு கேட்க வேண்டும். இவற்றில் சிலவற்றுக்கு இல்லை என்ற பதில் வரலாம். அப்படி வந்தாலும் நல்லதே. காலாப்பட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து நுழைவாயிலில் காவலரிடம் நின்று, யாரைப் பார்க்க வந்தேன், ஏன் வந்தேன் என்று ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நிலைமையை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். காவலருக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையும் தேதியும்தான். அவர் மீது கோபப்படுவது முறையல்ல.

ஆய்வில் ஈடுபடுவோர் மேலும் இரண்டு செய்திகளை எழுத்தில் பெற வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் பல்கலைக்கழகத்தின் பெயரை எந்தச் சொற்களில் குறிப்பிடுவது என்பது ஒன்று. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்தால் அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது மற்றொன்று. வேறிடத்தில் பணியில் இருப்பவர்கள், குறிப்பாக அரசு ஊழியர்கள், தம் அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற்ற பிறகே ஒப்புதல் கடிதம் கொடுக்க வேண்டும்.

நூலக வசதியில் ஒரு நுணுக்கம் உண்டு. அச்சு நூல்களைப் பார்க்க அனுமதி தருவது நூலகரின் கையில் இருக்கிறது; புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப்பிள்ளை நூலகமானாலும் அண்ணாமலைநகரின் பழம்பெரும் தொகுப்பானாலும், துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதத்தோடு சென்றால் பணி எளிதாகும். மின் இதழ்கள் அப்படியல்ல. அவை பதிப்பகங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவை. யார் பயனாளர் என்பதை அந்த ஒப்பந்தமே வரையறுக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு ₹6,000 கோடி ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசுகளின் மேலாண்மையிலுள்ள உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கிடைக்கின்றன. கௌரவப் பதவியில் இருப்பவரை நிறுவனம் தன் பயனாளர் பட்டியலில் சேர்க்குமா என்பதை நூலகரிடம் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். தம் கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுத்து உதவுவது ஒப்பந்த மீறல். முழு நிறுவனமும் மின் இதழ்களைப் பார்க்க முடியாதபடி முடக்கப்படும் அபாயம் அதில் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மட்டும் தேடுவோருக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ‘சோத்கங்கா’ தளத்தில் அவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன.

சில நாள் மட்டும் வந்துபோகும் ஆய்வாளருக்குப் பதவி தேவையில்லை, வருகை அனுமதியே போதும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டியுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்துக்கு மாதிரிகளைப் பார்க்கச் செல்பவரானாலும், புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவச் சுவடிகளைப் பார்க்க வருபவரானாலும், நோக்கம், நாட்கள், பார்க்க வேண்டிய பொருள் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதுவதுதான் முறை. அந்தச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றவை. அவற்றைத் தொட்டுப் பார்க்கவும் படமெடுக்கவும் கட்டுப்பாடுகள் இருப்பது இயல்பே.

புதுச்சேரிக் குடும்பங்கள் தனியே கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. 1962ஆம் ஆண்டு சட்டப்படியான இணைப்புக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு வழங்கப்படும் ஓசிஐ அட்டையுடன் வந்துபோகிறார்கள். வாழ்நாள் விசா இருப்பதால் எதையும் செய்யலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2021 மார்ச் 4ஆம் தேதி அறிவிக்கையின்படி, ஓசிஐ அட்டைதாரர் இந்தியாவில் ஆராய்ச்சியோ இதழியல் பணியோ மேற்கொள்ளத் தனிச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். வெளிநாட்டினர் பதிவு அதிகாரியிடமோ, புறப்படும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்திலோ விண்ணப்பிக்கலாம். மற்ற வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்து ஆய்வு செய்வது தவறு. ஆய்வு விசா பெற்றே வர வேண்டும். அவர்களைத் தங்கவைக்கும் விடுதியோ வீடோ 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தகவல் பதிய வேண்டும். பல்கலைக்கழக அழைப்புக் கடிதம் இவற்றுக்குத் துணை ஆவணமே தவிர மாற்று ஆவணம் ஆகாது.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு நெறியாளராகலாம் என்ற எதிர்பார்ப்புடன் இணைப்புநிலைப் பதவியை நாடுவோர் உண்டு. 2022 நவம்பரில் வெளியான யுஜிசி ஒழுங்குமுறைகள் அதற்கு இடம் தரவில்லை; இணைப்புநிலை ஆசிரியர் இணை நெறியாளராக மட்டுமே இருக்கலாம். ஓய்வு பெற்ற நெறியாளரும் 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம், அவ்வளவே.

ஊதியம் இல்லாததால் பாதுகாப்பும் இல்லை என்று எண்ண வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ஊதியம் பெற்றோ பெறாமலோ தன்னார்வமாகப் பணியாற்றுபவரையும் பணியாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. கௌரவ நிலையில் வரும் பெண் ஆய்வாளரும் வருகையாளரும் பல்கலைக்கழகத்தின் உள்ளகப் புகார்க் குழுவை அணுகலாம். இது எந்த ஆணையிலும் எழுதப்படாவிட்டாலும் செல்லும் உரிமை.

வாடகை மண்டபங்களில் மாலை போட்டு வழங்கப்படும் கௌரவ டாக்டர் பட்டங்களுக்கும் இங்கே பேசிய பதவிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. யுஜிசி சட்டம், 1956, பிரிவு 22இன்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும் அத்தகைய அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். யுஜிசி வெளியிட்ட போலிப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் புதுச்சேரி முகவரிகளும் இடம்பெற்றிருக்கின்றன. பணம் கேட்பவரிடம் மறுபேச்சின்றி விலகிக்கொள்ள வேண்டும். உண்மையான கௌரவப் பதவிக்குப் பதிவுக் கட்டணமோ நன்கொடையோ கிடையாது.

விண்ணப்பத்தைத் துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்கு அனுப்பி, அதன் நகலில் பெறப்பட்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். கல்விக்குழு ஆண்டுக்குச் சில முறைதான் கூடும் என்பதால் சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குப் பின்னும் பதில் இல்லையென்றால், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கூட்டத்தில் வைக்கப்பட்டது, தீர்மான வாசகம் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் ₹10 கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யப்படும். இரண்டாம் மேல்முறையீடு புதுவைப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை புதுடெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் செல்லும்.