ஸுஹா: அரபு வானத்தின் சின்ன மீன், நம் ஊர் அருந்ததி

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்குப் பேத்தி பிறந்தாள். நாற்பது நாள் கழித்து என்னைப் பார்த்தபோது கேட்டார்: "தம்பி, புள்ளைக்கு ஸுஹான்னு பேரு விட்டிருக்காங்க. நட்சத்திரமாம். எந்த நட்சத்திரம்னு கேட்டா வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. நீ பாத்துச் சொல்லேன்."

சரியான கேள்வி. பெயர்ப் பட்டியல்களில் 'ஸுஹா - நட்சத்திரம்' என்று ஒற்றைச் சொல்லில் போட்டு முடித்துவிடுகிறார்கள். அரபியில் பொதுவாக விண்மீனுக்குச் சொல் நஜ்ம். அதிலிருந்து வந்ததுதான் நஜ்மா. ஸுஹா அப்படிப் பொதுப் பெயர் இல்லை, வானத்தில் இருக்கிற ஒரே ஒரு மீனின் பெயர். அந்த மீனை நமக்கு நன்றாகத் தெரியும். கல்யாண வீட்டில் புரோகிதர் மாப்பிள்ளை பெண்ணை வெளியே கூட்டி வந்து, விரலை நீட்டிக் காட்டுவாரே, அந்த அருந்ததிதான் அரபு நாட்டு ஸுஹா.

வடக்கு வானத்தில் ஏழு மீன்கள் அகப்பை மாதிரி நிற்கும். நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோம். அகப்பையின் காம்பில் மூன்று மீன்கள். அவற்றில் நடுவில் இருப்பது வசிட்டர். வசிட்டரை ஒட்டி, மங்கலாக, புள்ளி வைத்தாற்போல் இன்னொன்று தெரியும். அதுதான் அருந்ததி. இன்றைய வானியலில் வசிட்டரை மிஸார் என்றும் அருந்ததியை அல்கோர் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் நம்மிடமிருந்து சுமார் 80 ஒளி ஆண்டுத் தொலைவில் இருக்கின்றன. மிஸார் என்பதே அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். இடுப்பில் சுற்றும் துணிக்கு அரபியில் மிஃஸர்.

அதே ஏழு மீன்களில் அரபிகள் கண்டது வேறு காட்சி. அகப்பைக் கிண்ணத்தின் நான்கு மீன்கள் அவர்களுக்குப் பாடை. காம்பின் மூன்று மீன்கள் பாடையின் பின்னால் நடந்து போகும் பெண்கள். 'பனாத் நஃஷ்', அதாவது பாடையின் மகள்கள் என்று பெயர் வைத்தார்கள். நாம் ரிஷிகளையும் ஒரு ரிஷிபத்தினியையும் பார்த்த இடத்தில் அவர்கள் சாவு ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஊர்வலத்தில் நடுவில் போகும் பெண்ணின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிற சின்ன மீன் ஸுஹா.

இனி சொல்லுக்கு வருவோம். அரபு அகராதிகளில் ஸுஹா என்பது சீன், ஹே, வாவ் என்ற மூன்று எழுத்து வேரின் கீழ் இருக்கும். இந்த வேரின் பொருள் கவனம் தப்புதல், மறந்துபோதல். தொழுகிறவர்களுக்கு இந்த வேர் புதிதில்லை. தொழுகையில் ஒன்றை மறந்துவிட்டால் கடைசியில் இரண்டு ஸஜ்தா, அதாவது நெற்றி தரையில் படும் வணக்கம், செய்வார்களே, அதற்கு 'ஸஜ்தா ஸஹ்வு' என்று பெயர். அந்த ஸஹ்வும் இந்த ஸுஹாவும் ஒரே வேர். குர்ஆனின் 107-ஆம் அத்தியாயத்தில் தொழுகையில் பராமுகமாக இருப்பவர்களைச் சொல்லும் 'ஸாஹூன்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான். ஆகவே ஸுஹா என்றால் கவனத்துக்குத் தப்பியது, பார்க்க மறந்தது. பெரிய மீனின் வெளிச்சத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும் என்பதால் வந்த பெயர்.

சில இடங்களில் இதையே சுருக்கி 'மறக்கப்பட்டவள்' என்று பொருள் போட்டுவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு வைத்த பெயரை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்களும் உண்டு. தேவையே இல்லை. மகளுக்கு ஸுஹா என்று பெயர் வைக்கிற அரபுத் தாயின் மனதில் இருப்பது அந்த மீன்தான், வேர்ச்சொல் இல்லை. நம் ஊரில் கயல்விழி என்று பெயர் வைத்தால் கண்ணழகு நினைவுக்கு வருமே தவிர மீன்சந்தை வராது. அது போலத்தான் இதுவும்.

கண்ணுக்குத் தப்புகிற மீன் என்பதாலேயே அதற்கு ஒரு வேலையும் கிடைத்தது. பழைய அரபிகள் ஸுஹாவை வைத்துப் பார்வையைச் சோதித்தார்கள். வசிட்டர் பக்கத்தில் இன்னொன்று தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிந்தால் நல்ல கண். அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி என்ற வானியலாளர் 964-இல் எழுதிய விண்மீன் நூலில் ஸுஹாவைப் பற்றிச் சொல்கிறார். கிரேக்க வானியலின் பெரும் நூலை எழுதிய தாலமியின் பட்டியலில் இந்த மீன் இல்லை. அல்-சூஃபி அதையும் விடாமல் குறித்து வைத்தார். நம் பக்கத்திலும் இந்தச் சோதனை வேறு உருவத்தில் இருந்திருக்கிறது. அருந்ததி கண்ணுக்குத் தெரியாமல் போனால் ஆயுசு ஆறு மாதம்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பயமுறுத்துகிற பேச்சாக இருந்தாலும், அந்த மீனைப் பார்க்கிற கண்ணுக்கு அவர்கள் வைத்திருந்த மதிப்பு அதில் தெரிகிறது.

இதைச் சொன்னதும் பெரியம்மா, "அப்ப காட்டு பாப்போம்" என்று கிளம்பிவிட்டார். மே மாதம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மொட்டைமாடிக்குப் போனோம். அந்த நேரத்தில் சப்தரிஷி வடக்கே பாதி வானத்தில் கவிழ்ந்த அகப்பையாக நிற்கும், காம்பு வலப்பக்கம். காம்பின் நடு மீனை முதலில் பிடிக்கச் சொன்னேன். பிடித்துவிட்டார். அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் என்றேன். புருவத்துக்கு மேல் கையை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்புரை அறுவை செய்த கண். "எனக்கு ஒண்ணுதான்யா தெரியுது" என்றார். கூட வந்த பேரன், பத்து வயதுப் பையன், தலையைத் தூக்கிய வேகத்திலேயே "ரெண்டு இருக்கு நன்னி, குட்டி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றான். பெரியம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே, "அதான் உன் தங்கச்சி" என்றார்.

நான் காட்டிய முறையும் பழையதுதான். சிறியதைக் காட்ட முதலில் பக்கத்தில் இருக்கிற பெரியதைக் காட்டு, பிறகு கண்ணை நகர்த்து என்பதற்கு வடமொழித் தர்க்கத்தில் 'தூலாருந்ததி நியாயம்' என்றே பெயர். அரபியிலும் ஸுஹாவைக் காட்டுவது பற்றி ஒரு பழமொழி உண்டு: "நான் அவளுக்கு ஸுஹாவைக் காட்டுகிறேன், அவள் எனக்கு நிலாவைக் காட்டுகிறாள்." நுணுக்கமான ஒன்றைக் கேட்டால், எல்லாருக்கும் தெரிந்ததைப் பதிலாகச் சொல்பவர்களைப் பற்றிய பேச்சு. 'நட்சத்திரம்' என்று மட்டும் பொருள் சொல்கிற பட்டியல்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பழமொழிதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிரியாவின் மஅர்ரா ஊர்க் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி (973-1057) எழுதிய புகழ்பெற்ற வரிகளில் ஸுஹா வருகிறது. தகுதியில்லாதவர்கள் தகுதியுள்ளவர்களைக் குறை சொல்கிற காலம் வந்துவிட்டால், ஸுஹா சூரியனைப் பார்த்து 'நீ மங்கல்' என்று சொல்லத் தொடங்கிவிட்டால், சாவே நீ வந்துவிடு, வாழ்வு இனி வேண்டாம் என்கிறார். அம்மை போட்டு நான்கு வயதில் பார்வையை இழந்தவர் அவர். கண்ணைச் சோதிக்கிற மீனை, கண் இல்லாதவர் கவிதையில் நிறுத்தி வைத்திருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

ஸுஹா இன்றைக்கும் அதிகம் காதில் விழாத பெயர்தான். விண்மீன் பெயர்களில் நம் ஊர் முஸ்லிம் வீடுகளுக்குப் பழக்கமானவை ஸுஹைலும் ஸுரையாவும். ஸுஹைல் தெற்கே தெரியும் அகத்திய மீன். ஸுரையா, அரபு உச்சரிப்பில் துரையா, நம் கார்த்திகை. ஸுஹா அந்த அளவுக்குப் பரவவில்லை. குர்ஆனில் பெயராக வருவதும் இல்லை. பாலஸ்தீனம், லெபனான், எகிப்து பக்கம் பெண்களுக்கு வைக்கிறார்கள். மத அடையாளம் இல்லாத பெயர் என்பதால் அரபுக் கிறிஸ்தவர்களும் வைத்துக்கொள்கிறார்கள். பாலஸ்தீனத் தலைவர் யாசிர் அரபாத்தின் மனைவி ஸுஹா, 1963-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லெபனானில் 1988-இல் அந்துவான் லஹத் என்ற படைத்தலைவரைச் சுட்டு, பத்து ஆண்டு கியாம் சிறையில் கிடந்த ஸுஹா பிஷாராவும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். துருக்கிக்குப் போனால் இதே பெயர் ஆணுக்கு ஆகிவிடுகிறது.

நம் ஊரில் இந்தப் பெயரை வைக்கும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இதே ஓசையில் இன்னொரு பெயர் இருக்கிறது. குர்ஆனின் 93-ஆம் அத்தியாயத்தின் பெயரான ளுஹா. சூரியன் ஏறிய முற்பகல் நேரம் என்று பொருள். காலையில் தொழும் ளுஹா தொழுகை இதிலிருந்துதான் வந்தது. அந்தப் பெயரின் முதல் எழுத்து, ரமலானில் நாம் 'லா' என்று சொல்கிற அதே அரபு எழுத்து. அதையே உருது பேசுகிறவர்கள் ரம்ஜான் என்பதுபோல 'ஜ' சாயலில் சொல்வார்கள். அப்படி வடக்கிலிருந்து வந்த ஜுஹா, தமிழில் எழுதும்போது ஸுஹா ஆகிவிடுகிறது. இரண்டாவது எழுத்தும் வேறு. ஸுஹாவில் வருவது ஹாஜராவில் வரும் மென்மையான ஹே, ளுஹாவில் வருவது ஹசனில் வரும் தொண்டை அழுத்தமுள்ள ஹா. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ஹ' என்பதால் வித்தியாசம் தெரியாது. ஆகவே பெயர் வைத்தவரிடம் அரபியில் எப்படி எழுதுவது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்று ராத்திரி மீன், மற்றது பகல் வெளிச்சம்.

தமிழில் இதற்கு நேரான சொல் அருந்ததி. அது வடசொல்தான். அதற்கு முன்னால் நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. வடக்கே தெரிவதால் வடமீன். புறநானூற்றில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியின் மனைவியை 'வடமீன் புரையும் கற்பின்' என்கிறார். சிலப்பதிகாரம் கண்ணகியை 'சாலி ஒரு மீன் தகையாள்' என்கிறது, சாலியும் அருந்ததிதான். ஆனால் ஸுஹாவுக்கு மிக நெருக்கமான சொல்லை நான் கண்டது பெரும்பாணாற்றுப்படையில்:

"பெருநல் வானத்து வடவயின் விளங்கும்
சிறுமீன் புரையும் கற்பின் நறுநுதல்"

பாணனுக்குச் சோறு போடும் வீட்டுக்காரியைப் பற்றிய வரி. பெரிய வானம், அதில் வடக்கே ஒரு சிறுமீன். கற்பைச் சொல்ல வந்த புலவர் உருத்திரங்கண்ணனாரும் அந்த மீன் சிறியது என்பதை விடவில்லை. அரபிகள் அது கண்ணுக்குத் தப்புவதைப் பார்த்தார்கள். நம்மவர்கள் அவ்வளவு சிறியதை மணமக்களுக்குக் காட்டவேண்டிய மீனாகத் தூக்கி வைத்தார்கள். பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, ஸுஹா ஸுஹாவாகவே இருக்கட்டும். பொருள் கேட்டால் 'வடமீன்' என்றோ 'சிறுமீன்' என்றோ சொல்லலாம், கேட்பவருக்கு உடனே புரியவேண்டும் என்றால் அருந்ததி.

பெரியம்மாவுக்கு நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ஸுஹா, சீன் எழுத்து, அருந்ததி மீன். அதை மடித்து, பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்துக்கொண்டார்.