ஸ்பீக்கரில் வராத பேஸ் காதில் விழுவது எப்படி?

சோமனூரில் மாமா வீட்டுத் திண்ணை. பக்கத்துத் தறிக்குடோனில் தறிகள் டடக் டடக் என்று ஓடிக்கொண்டிருக்க, மைல்ஸ் டேவிஸ் குழு 1959-இல் பதிவு செய்த ஜாஸ் ஆல்பத்தைச் செல்போனில் போட்டேன்.

"ஏனுங் மாப்ள, ஊதறது கேக்குது. பேஸு பேஸுன்னீங்களே, அது எங்கீங்க?"

நியாயமான கேள்விதான். பேஸ் என்றால் தாழ்ந்த சுரம்; ஜாஸில் அதை வாசிக்கும் கம்பி வாத்தியமான டபுள் பேஸ் ஆளைவிட உயரம். அதன் தடித்த கம்பியைச் சுண்டினால் நொடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். நகத்தளவு ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை வெளியே தள்ள முடியாது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மாமா தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டார். எதைக் கேட்டு?

கம்பி முழுசாக 41 தடவை ஆடும்போதே, இரண்டு பாதியாக 82, மூன்று பங்காக 124, நான்காக 165 என்றும் ஆடுகிறது. இது இப்படியே 41, 41-ஆக ஏறி 330, 371 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். அடியில் இருப்பதை ஸ்பீக்கர் விழுங்கிவிட்டாலும் மேலே இருப்பவை தப்பி வந்துவிடும். அவற்றுக்கு இடையே எங்கும் அதே 41 இடைவெளி. அதைப் பிடித்துக்கொண்டு, வராத அடிச் சுரத்தை மூளையே போட்டுக் கேட்டுக்கொள்கிறது. சுரம் கிடைத்துவிடும்; நெஞ்சில் வந்து இடிக்கும் அந்தக் கனம் மட்டும் கிடைக்காது.

சரி, அதற்குத்தான் ஹெட்போன். மாமா காதில் மாட்டிவிட்டேன். பேஸ் வாசிப்பவர் பால் சேம்பர்ஸ். முதல் பாட்டில் மெட்டைச் சொல்வதே அவர்தான். வள்ளி கும்மியில் ஆசிரியர் அடி எடுத்துக் கொடுப்பதுபோல அவர் கேட்க, மற்ற வாத்தியங்கள் இரண்டே தட்டில் பதில் சொல்கின்றன. அப்புறம் நடை தொடங்குகிறது: சுற்றுக்கு நாலு அடி, அடிக்கு ஒரு சுரம். பொதுவாக இந்த நடையில் முதல் அடி கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின்) ஆதார சுரத்தில் விழும். நாலாவது, வரவிருக்கும் கார்டுக்கு அரைச்சுரம் முன்னே வந்து நிற்கும். வாய்க்காலைத் தாண்டுமுன் கரையில் வைக்கும் காலடி மாதிரி. பேஸை ரசிக்க நான் முதலில் பிடித்துக்கொண்டது இந்த நாலாவது அடியைத்தான்.

டிரம்ஸ் இருக்கும்போது தாளத்துக்குப் பேஸ் எதற்கு என்று கேட்கலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு தாழ்ந்த சுரத்தையும் உயர்ந்த சுரத்தையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, அவ்வப்போது ஒன்றை மட்டும் 50 மில்லிநொடி முந்தவிட்டார்கள். தாழ்ந்தது முந்தியபோதுதான் மூளை அதிகமாகத் திடுக்கிட்டது. தாளம் தட்டிய விரலும் அதன் பின்னாலேயே போனது. பேஸ்காரர் கொஞ்சம் பிசகினாலும் குழு முழுக்க ஆட்டம் காண்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

"நம்ம ஜமாப்புல பெரிய மேளக்காரன் பண்ற வேலைதானுங்களே இது" என்று ஹெட்போனைக் கழற்றிய மாமா, சட்டென்று குடோன் பக்கம் திரும்பினார். பத்துத் தறிச் சத்தத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

"ஒண்ணு நின்னு போச்சுங்" என்றபடி எழுந்து போனார்.