நீராகாரமும் நிம்மதியும்

"காலையில் நீராகாரம் குடித்தால் அன்றைக்குக் கோபம் வராது என்று எங்கள் ஆயா சொல்வார்கள். இப்போது மருந்துக்கடையில், நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரை மனஅழுத்தத்துக்கு நல்லது என்கிறார்கள். எதை நம்புவது?" என்று தேவகோட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்வதும், இரவெல்லாம் நீரில் ஊறிய சோற்றை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிக்க வைப்பதும் பள்ளியில் படித்தவையே. மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில் உருவாகிறது என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்கின்றன. அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை என்பதை மட்டும் விழுங்கிவிடுகின்றன.

பிறகு குடலின் சேதி மூளைக்கு எவ்வழியே போகிறது? மூளைத்தண்டிலிருந்து கழுத்து, நெஞ்சு வழியாக வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு ஒரு முக்கிய வழி. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்தான் அடுப்படிக்கு உத்தரவு போடுகிறார் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் அடுப்படியிலிருந்து இரண்டாங்கட்டைத் தாண்டி அவருக்கு வரும் சேதிகளே அதிகம். வேகஸும் அப்படித்தான்: அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் உள்ளுறுப்புகளின் நிலவரத்தை மேலே கொண்டு செல்பவை.

2011இல் வெளியான ஓர் ஆய்வை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. ஜேபி-1 என்னும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா வகையை உண்ட சுண்டெலிகளிடம் பதற்றம் குறைந்தது. நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோனும் குறைந்தது. வேகஸ் வெட்டப்பட்ட சுண்டெலிகளுக்கும் அதே பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தோன்றவே இல்லை. விருந்தாளி வீட்டுக்குள் இருக்கிறார், வந்த சேதிதான் பெரியவருக்கு எட்டவில்லை.

கொழுப்பு மிகுந்த தீனி தின்ற தாய்க்குப் பிறந்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கிய சுண்டெலிகள், லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி கொடுத்ததும் மற்றவற்றோடு பழகத் தொடங்கியதை 2016இல் வேறொரு குழு கண்டது.

ஆனால், மனிதர் சுண்டெலி அல்லர். 2017இல் வெளியான ஆய்வில், அதே ஜேபி-1ஐ நலமான 29 ஆண்களுக்குக் கொடுத்தபோது, வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே, மனநல மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்திவிட்டு இந்த மாத்திரையை வாங்குவது தவறு.

ஆயாவின் சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதே என் கட்சி. மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்ப செட்டியார் கொடுத்த காரைக்குடியில், ஒரு நீராகாரச் சோதனைக்குப் புரவலர் கிடைக்காமலா போவார்? பாதிப் பேருக்கு உயிருள்ள நீராகாரம், மீதிப் பேருக்குக் கொதிக்க வைத்து ஆற்றியது. எது யாருக்கு என்பது தெரியக் கூடாது. முதல் மிடறிலேயே ஆச்சிமார் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல்.